தானம் வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்ப்போம்

"ஓசியில வழி காட்டுறான், அவனைப் போய்க் குறை சொல்லலாமா சார்?" என்று கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழியும் எடுத்து விடுகிறார்கள். இது தானமே இல்லை என்பதுதான் என் வாதம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுவோம். பதினைந்து வருடத்துக்கு முன்னால் காரின் முன்கண்ணாடியில் ஒட்டி வைக்கும் வழிகாட்டிப் பெட்டி விற்றது. வெளிநாட்டு கார்மின், நம் நாட்டு மேப்மைஇந்தியா என்று வந்தன. ஒரு பெட்டி பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. காட்ரோட்டில் இருந்து கொடைக்கானலுக்கு வண்டி ஓட்டும் தம்பி அதை வாங்கியிருப்பானா? மாட்டான். கையில் இருக்கும் போனிலேயே மேப் வந்த பிறகுதான் அவனுக்கும் வரைபடம் கிடைத்தது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. பெட்டி திரும்ப வர வேண்டும் என்றும் சொல்லவில்லை.

ஆனால் பெட்டி எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2007-ல் வரைபட நிறுவனமான நாவ்டெக்கை வாங்க 8.1 பில்லியன் டாலர் தருவதாக நோக்கியா அறிவித்தது. டெலி அட்லஸ் என்ற இன்னொரு நிறுவனத்தை டாம்டாம் 2008-ல் 2.9 பில்லியன் யூரோவுக்கு வாங்கியது. ரோடு ரோடாக அளந்து வைத்த வரைபடத்துக்கு அவ்வளவு விலை இருந்தது. 2009 அக்டோபர் 28 அன்று, திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியைப் போனில் இலவசமாகத் தருகிறேன் என்றது கூகுள். அன்று ஒரே நாளில் கார்மின் பங்கு ஏறத்தாழ 16 சதவீதமும் டாம்டாம் பங்கு ஏறத்தாழ 21 சதவீதமும் சரிந்தன. மூன்று மாதத்தில் நோக்கியாவும் தன் வழிகாட்டியை இலவசமாக்கியது. விளம்பரத்தில் சம்பாதிக்கிறவனுக்கு மேப்பில் காசு வேண்டாம். மேப்பை மட்டுமே விற்றுப் பிழைக்கிறவன் என்ன செய்வான்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 2018-ல் தன் வரைபடத்தைப் பயன்படுத்தும் இணையதளங்களுக்கும் செயலிகளுக்குமான கட்டணத்தை கூகுள் பல மடங்கு ஏற்றியது. டாக்சி பிடிக்கிறோமே, சாப்பாடு வரவழைக்கிறோமே, அந்தச் செயலிகள் மேப்புக்குக் காசு கட்டுகின்றன. அவர்கள் தங்கள் கைக்காசையா கட்டுவார்கள்? 2024 ஜூலையில் ஓலா நிறுவனம் கூகுளை விட்டுவிட்டுச் சொந்த மேப்புக்கு மாறியதாக அறிவித்தது. அதே மாதத்தில் இந்தியாவுக்கு மட்டும் 70 சதவீதம் வரை கட்டணக் குறைப்பு என்று கூகுள் அறிவித்தது. போட்டி இல்லாதபோது ஏறிய விலை, போட்டி வந்ததும் இறங்குகிறது. இதைப் போய் தானம் என்கிறீர்களே!

இன்னொரு விஷயம், இதைவிடப் பெரியது. நமது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986-ஆம் ஆண்டுச் சட்டமானாலும் சரி, 2019-ஆம் ஆண்டுச் சட்டமானாலும் சரி, கட்டணம் இல்லாமல் செய்யப்படும் சேவையை 'சேவை' என்ற வரையறையிலேயே சேர்க்கவில்லை. பத்தாயிரம் கொடுத்துப் பெட்டி வாங்கினவன் ரசீதை எடுத்துக்கொண்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். ஓசி மேப்பை நம்பிப் போனவன் எந்த ரசீதைக் காட்டுவான்? பெட்டியோடு சேர்ந்து போனது கேள்வி கேட்கும் உரிமை.

கேள்வி கேட்க வேண்டிய சம்பவங்கள் இல்லையா? 2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து திரும்பிய கர்நாடகக்காரர்களின் கார், குறுக்கு வழி என்று மேப் காட்டியதை நம்பி, கூடலூரில் மாடிப்படி போன்ற நடைபாதையில் இறங்கி மாட்டிக்கொண்டது. நம் கம்பம் பக்கத்துக் கூடலூர் இல்லை, நீலகிரிக் கூடலூர். அதுவாவது சிரிப்போடு போயிற்று. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், வெள்ளம் அடித்துக்கொண்டுபோன பாலத்தில் ஏறிய கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும், பெயர் குறிப்பிடாமல் கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவர் மீதும் வழக்குப் பதிவானது. அடைப்பு வைக்காத அரசுக்கும் பங்கு உண்டு, பாலம் இருக்கிறது என்று காட்டியவனுக்கும் பங்கு உண்டு.

நம் பக்கம் வாருங்கள். பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் போகும் சாலை தூரத்தில் குறைவு. ஆனால் குறுகல், வளைவுக்கு மேல் வளைவு. நல்ல மழை பெய்தால் மண் சரிந்து அடைத்துக்கொள்ளும். உள்ளூர்க்காரன் மேகத்தைப் பார்த்துவிட்டு காட்ரோடு வழியாகப் போவான். வெளியூர்க்காரன் போனைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புவான். கார்த்திகை, மார்கழியில் கூட்டம் அதிகமான நாட்களில் சபரிமலை போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகவும், திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாகவும் போலீஸ் விடுவது வழக்கம். இந்த மாற்றம் போனுக்குள் அன்றைக்கே ஏறும் என்று யார் உறுதி கொடுத்திருக்கிறார்கள்?

புவியியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுப்போம். வரைபடத்தைக் கையில் எடுத்தால் முதலில் ஓரத்தைப் பார். இந்திய நில அளவைத் துறையின் தாளில் அளந்த ஆண்டு அச்சிட்டிருக்கும். பழைய தாள் என்றால் ஜாக்கிரதையாக இருக்கலாம். போன் காட்டும் நீலக் கோட்டில், இந்த ரோட்டைக் கடைசியாக யார், எப்போது சரிபார்த்தார்கள் என்று எங்கே போட்டிருக்கிறது?

ஆகவே நான் கேட்பது மூன்று.

1. மலைச்சாலை அடைக்கும் நேரத்திலேயே மாவட்ட நிர்வாகமும் நெடுஞ்சாலைத் துறையும் அதை எல்லா மேப் நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். பேப்பரில் செய்தி கொடுத்ததோடு கடமை முடியாது.

2. இலவசமோ காசோ, கோடிக்கணக்கான பேர் நம்பிப் போகும் சேவை சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வரையறையைத் திருத்த வேண்டும்.

3. நாம் ஒரே மேப்பில் விழுந்து கிடக்கக் கூடாது. மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இருக்கிறது. இரண்டாவதாக ஒன்றைப் போனில் வையுங்கள். மலை ஏறும் முன்பே அந்தப் பகுதி வரைபடத்தை இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, புதிதாக வரைபடம் வருவதற்குத்தான் டவர் வேண்டும்.

"அப்படியென்றால் போனைத் தூக்கிப் போட்டுவிடலாமா சார்?" என்று நக்கலாகக் கேட்கும் தம்பிகளுக்கு: வேண்டாம் ஐயா. மாடு நல்ல மாடுதான். ஆனால் பாலை வேறொருவன் கறந்துகொண்டு போகிறான், முட்டினால் மட்டும் மருந்துச் செலவு நம்முடையது. அதனால்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மலைக்கு வண்டி ஓட்டும் பிள்ளைகள் யாராவது இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள்.