கடாரம் கொண்டோமாம், கதவு திறக்கவில்லை

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தின் பெயரைக் கேட்டதுமே ராஜேந்திரனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பு நினைவுக்கு வந்து நமக்கு மார்பு விம்மிவிடுகிறது. விம்மட்டும். ஆனால், கப்பலின் உள்ளறையில் ஈரத்தால் உப்பி இறுகிய கதவை எப்படித் திறப்பது என்று நம் சரித்திரக் கதைகளில் எவரேனும் எழுதியிருக்கிறார்களா?

பழைய பாய்மரப் படகைப் பழுதுபார்ப்பவருக்கு அதுதான் முதல் கேள்வி. உப்புக்காற்றில் பித்தளைத் திருகாணி பச்சை பூத்து மரத்தோடு ஒன்றிவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்து, உடல் உள்ளேயே தங்கிவிடும். காடியில் அடைந்த பெயிண்டைச் சுரண்டி, சால்டரிங் அயர்னைத் தலைமேல் வைத்துச் சூடேற்ற வேண்டும். ஆறியபின் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருக்க வேண்டும். இறுக்கும் திசையில் இம்மியளவு திருப்பிவிட்டு அதன் பிறகே கழற்ற வேண்டும். உப்பிய கதவை அவசரப்பட்டு இழைத்துவிட்டால் கோடையில் இடைவெளி பல்லிளிக்கும். நகர மறுக்கும் இழுப்பறைக்கோ பெரும்பாலும் ஒரு துண்டு மெழுகுவத்தி போதும்!

மரத்தின் இந்தக் குணங்களை அறிந்த கைகள் கடலே இல்லாத பெரம்பலூர் மாவட்டத்தில், அரும்பாவூரில் இருக்கின்றன. அவ்வூர் மரச்சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாகை எப்போது பிளக்கும், எப்போது வளையும் என்று அந்தச் சிற்பிகளிடம் கேட்டெழுத நம் சிற்றிதழ்களில் ஒரு பக்கம் இல்லை. கடலைப் படிமமாக்கும் கவிதைகளுக்கோ பக்கங்களுக்குப் பஞ்சமில்லை. சோழர் கலங்களைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதவிருக்கும் நண்பர், முதலில் ஒரு தச்சுப்பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வரட்டும். அச்சிட நாம் காத்திருக்கிறோம்.