இத்தாலியில் வங்கிக் கணக்கு: உரிமையா, உபகாரமா?

உலகத்திலேயே மிகப் பழைய வங்கி இன்றும் நடந்துகொண்டிருப்பது இத்தாலியில்தான். சியெனா நகரத்தில் 1472ல் தொடங்கியது. அப்பேர்ப்பட்ட நாட்டில், பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒரு சாதாரணக் கணக்கு திறக்கப் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பாஸ்போர்ட் கேட்கிறார்கள், சரி. 'கோடிச்சே ஃபிஸ்காலே' என்ற 16 இலக்க வரிக் குறியீடு கேட்கிறார்கள், அதுவும் சரி. வரி அலுவலகத்தில் இலவசமாகவே கிடைக்கும். (இத்தாலியில் பிறந்தவருக்கு அதில் பிறந்த ஊரின் குறியீடு இருக்கும். வெளியே பிறந்தவருக்கு 'இசட்'டில் தொடங்கும் நாட்டின் குறியீடு. இந்தியா இசட்222, இலங்கை இசட்209. எத்தனை வருடம் அங்கே வாழ்ந்தாலும் அந்த இசட் போகாது!) சிக்கல் வதிவிட அனுமதி அட்டையில்தான் ஆரம்பிக்கிறது. நாட்டுக்குள் வந்த 8 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தும் அரசாங்கம், அட்டையைக் கொடுக்க மாதக்கணக்கில் இழுக்கிறது. அதுவரை கையில் இருப்பது ஒரு ரசீது. அரசாங்கம் கொடுத்த ரசீதைப் பல வங்கிக் கிளைகள் நம்புவதில்லை. "அட்டை வந்ததும் வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். 2018 ஜூலை 1 முதல் இத்தாலியில் முதலாளி சம்பளத்தை ரொக்கமாகக் கையில் கொடுக்கக்கூடாது. வீட்டு வேலைக்கு விலக்கு உண்டு. சீட்டில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்ற திருட்டை நிறுத்தக் கொண்டுவந்த நல்ல சட்டம்தான். ஆனால் கணக்கே இல்லாதவர் என்ன செய்வார்? காசோலை கொடுக்கலாம் என்கிறது சட்டம். அதை எங்கே போய் மாற்றுவது? கடைசியில் பணம் அறைத்தோழர் கணக்குக்கோ, வேலைக்கு ஆள் பிடித்துக்கொடுத்தவன் கணக்குக்கோ போகிறது. அந்த ஆள்பிடிக்கு அங்கே 'கப்பொராலே' என்று பெயர். தேயிலைத் தோட்டத்துக் கதை தெரிந்தவர்களுக்குக் கங்காணி என்றாலே போதும்.

கறுப்புப் பணத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே, என்ன செய்வது என்று வங்கிகள் கையை விரிக்கின்றன. வாடிக்கையாளர் யார் என்று தெரிந்துகொள் என்றுதான் அந்தச் சட்டம் சொல்கிறது, வெளிநாட்டுக்காரர் என்றால் விரட்டு என்று சொல்லவில்லை. தக்காளி பறிப்பவர் கணக்கில் எந்த மாஃபியா பணம் பதுக்கப்போகிறது?

இன்னொரு பக்கம், எதிர்ச் சட்டம் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014ல் போட்ட உத்தரவை இத்தாலி 2017ல் தன் சட்டமாக்கியது. சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும், அகதி விண்ணப்பதாரருக்கும்கூட, 'கோன்தோ தி பாசே' என்ற அடிப்படைக் கணக்கு உரிமை. வங்கிகளும் தபால் துறையும் கொடுத்தாக வேண்டும். மிகக் குறைந்த வருமானக்காரருக்குக் கட்டணம் கிடையாது. மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், இலவசமாக.

எந்தக் கிளை இதைத் தானாக எடுத்துச் சொல்கிறது? வாயால் 'இல்லை' என்பது சுலபம். எழுதிக் கொடு என்று கேட்டால்தான் மேலாளரைத் தேட ஆரம்பிப்பார்கள். எழுத்து கையில் வந்தால் முதலில் வங்கிக்கே புகார், பதில் சரியில்லையென்றால் வங்கித் தகராறுகளுக்கென்றே 2009 முதல் இயங்கும் நடுவர் மன்றம். கட்டணம் 20 யூரோ. ஜெயித்தால் அதையும் வங்கிதான் திருப்பித் தரவேண்டும்.