சாட்சி சொல்லும் துண்டுகள்

திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில், ரெட்டியார்சத்திரத்தில் ஒரு மாலை பேருந்துக்காகக் காத்திருந்தோம். அருகே ஒரு பழைய இரும்புக் கடை. சிறுவன் ஒருவன் துருவேறிய இரும்பொன்றைக் கொண்டுவந்து தராசில் வைத்தான். கடைக்காரப் பெரியவர் அதைப் புரட்டினார். துளைகளை விரலால் எண்ணினார். இன்ன லாரியின் பிரேக் டிரம் என்றார். பெயரோ எண்ணோ அதில் இல்லையே என்று வியந்தோம். "பேர் எதுக்குங்கய்யா? செஞ்ச விதமே சொல்லுமே!" என்று சிரித்தார் அவர்.

மலையிலும் கடலடியிலும் கிடக்கும் விமானச் சிதைவுகளை இனங்காணும் வல்லுநர்களும் இதையே செய்கின்றனர். வால்புறத்தில் எழுதிய எண் எரிந்துபோகலாம். ஆயினும் அலுமினியத் தகடுகளை இணைத்த ரிவெட்டுகளின் வரிசையும், உட்புறம் பூசிய வண்ணமும், உதிரிப் பாகத்தில் பொறித்த எண்ணும், சோதித்தவர் இட்ட முத்திரையும் எஞ்சி நிற்கும். அக்கால அமெரிக்க விமானத்தின் திருகாணி அங்குலக் கணக்கில் அமைந்தது. சோவியத் நாட்டில் செய்தது மில்லிமீட்டர் கணக்கில் அமைந்தது. ஒரு சிறு திருகாணியே தான் பிறந்த நாட்டைக் குறிப்பால் உணர்த்திவிடும்.

ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையில் நம் ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு மோதி அழிந்தன. 1950 நவம்பர் 3 அன்று 'மலபார் பிரின்சஸ்' வீழ்ந்து 48 பேர் மாண்டனர். 1966 ஜனவரி 24 அன்று 'கஞ்சன்ஜங்கா' வீழ்ந்தது. அறிவியலறிஞர் ஹோமி பாபா உட்பட 117 பேர் உயிரிழந்தனர். மலையிலிருந்து மெல்ல இறங்கும் பனியாறு, இரண்டின் சிதைவுகளையும் ஆண்டுக்கணக்கில் சுமந்துவந்து அடிவாரத்தில் சேர்க்கிறது. எது எதனுடையது? முன்னது காற்றாடி சுழற்றும் பிஸ்டன் எஞ்சின்கள் கொண்ட கான்ஸ்டெல்லேஷன். பின்னது போயிங் 707 ஜெட். ஆகவே சிலிண்டரோ காற்றாடி இதழோ கிடைத்தால் அது 1950ஆம் ஆண்டின் சாட்சி. தகடுகள் நெருங்கப் பதித்த டர்பைன் சக்கரம் கிடைத்தால் 1966ஆம் ஆண்டின் சாட்சி.

நம் கடலிலும் இத்தகைய நிகழ்ச்சியொன்று உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின்மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் பெருமுயற்சியுடன் தேடியும் பயனில்லை. பின்னர், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், ஆளின்றித் தானே இயங்கும் நீர்மூழ்கிக் கருவியொன்றைக் கடலடிக்கு அனுப்பியது. அது ஒலியலைகளைக் கொண்டு தேடியது, நிழற்படங்களும் எடுத்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தென்பட்டன. படங்களை ஆராய்ந்தவர்கள், அவை ஏ.என்.-32 விமானத்தின் அமைப்போடு ஒத்திருப்பதாகக் கண்டனர். அப்பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமற்போனதாகப் பதிவில்லை என்பதையும் சேர்த்தே, இது அந்த விமானமாக இருக்கக்கூடும் என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது.

'ஒத்திருக்கிறது' என்ற சொல்லின் அடக்கத்தை எண்ணிப் பாருங்கள். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. துயருற்றவர் முன் பேசுகிறவர்க்கு இந்த நேர்மை இன்றியமையாதது. ஏழரை ஆண்டுகள் அந்த 29 இல்லங்களிலும் தாய்மாரும் மனைவியரும் என்ன எண்ணியிருப்பர்? எங்கேனும் ஒரு தீவில் உயிரோடிருப்பானோ என்ற ஏக்கம், வாசலில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து அடங்கியிருக்கும் அன்றோ? துண்டுகள் அளிக்கும் சாட்சி மாண்டவரை மீட்டுத் தராது. ஆயினும் முடிவில்லாத காத்திருப்புக்கு ஒரு முடிவைத் தரும்.

வரும் கல்லறைத் திருநாளில் நாம் நம்மவரின் கல்லறைகளைக் கழுவி, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றுவோம். மலர் வைக்க ஓர் இடமும் இல்லாத குடும்பங்களும் உலகில் உள்ளன. அவர்களுக்காகவும் ஒரு திரி ஏற்றுவோமா?