வீடா, சூளையா?

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கையும் எழுவான்கரை, படுவான்கரை என்று பெயரிட்டு வழங்கினர் எமது முன்னோர். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டே தாம் வாழும் நிலத்துக்குப் பெயர் சூட்டிய மக்கள் இவர்கள். இம் மக்களுக்கென எழுப்பப்படும் வீட்டுத்திட்டங்களைப் பார்க்கிறோம். வரிசை வரிசையாக வீதியை நோக்கி நிற்கின்றன. வெயிலையும் காற்றையும் எண்ணிப் பார்த்து எழுப்பப்பட்டவை அவற்றுள் எத்தனை? களுவாஞ்சிகுடிக் கடலோரத்து வீட்டுக்கும் வவுணதீவு வயலோரத்து வீட்டுக்கும் ஒரே வரைபடம் போதுமென்றால் அது வீடமைப்பாகுமா?

வந்த உதவியை நாம் குறைத்துப் பேசவில்லை. 1978 நவம்பர்ப் புயல் மட்டக்களப்பின் கூரைகளைப் பறித்தெறிந்தது. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நாவலடி முதலான கரையோர ஊர்களைத் துடைத்துச் சென்றது. 2009 வரை போர் எரித்தது. ஒவ்வோர் அழிவுக்குப் பின்னும் வீடுகள் எழுந்தன. 2012 இல் வேகம் பெற்ற இந்திய வீடமைப்புத் திட்டம் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா வழங்கி, மக்கள் தாமே முன்னின்று கட்ட இடமளித்தது. 2016 இல் வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளை நிறுவ அரசாங்கம் முனைந்தபோது, விலையையும் உறுதியையும் வெக்கையையும் சுட்டிக்காட்டி எதிர்ப்பு எழுந்தது. அத்திட்டம் அறிவித்தபடி நிறைவேறவில்லை. எனினும் அவ்விவாதம் எழுப்பிய வினா ஓயவில்லை. சித்திரை மாதத்துப் பிற்பகலில் இவ்வீட்டினுள் ஒரு குழந்தை உறங்க முடியுமா என்பதே அவ்வினா.

மட்டக்களப்பு வட அகலக்கோடு 7 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் உள்ளது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கிறது. ஆதலின் மாடியில்லாத வீட்டுக்குச் சுவரைவிடக் கூரையே பெரும் பகைவன். உட்கூரையில்லாத தகரமோ சீற்றோ வெயிலை விழுங்கிக் கொதித்து, அவ்வெக்கையைக் கீழே இருப்போர் தலைமீது பொழிகிறது. கிடுகுக் கூரை இவ்வாறு சுட்டதில்லை. பழமை பேசிக் கிடுகுக்குத் திரும்புமாறு நாம் கூறவில்லை. தீயையும் ஒழுக்கையும் அறியாதார் அல்லர் எம் மக்கள். வெண்பூச்சுக்கு எவ்வளவு பயன், உட்கூரைக்கு எவ்வளவு பயன், முகட்டில் காற்றுவழி விடுவதால் எவ்வளவு பயன் என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள் என்றே கேட்கிறோம்.

யன்னலின் கணக்கோ இன்னும் சிக்கலானது. வடக்கு, தெற்குச் சுவர்களில் விழும் வெயிலைத் தாழ்வாரம் எளிதில் மறைக்கும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் வெயிலை அது மறைக்காது. ஆனால் குளிர்ந்த கடற்காற்று வருவதோ கிழக்கிலிருந்து. மேற்கே யன்னல் திறந்தால் பிற்பகல் வெயிலும் கச்சான் காற்றின் அனலும் உள்ளே வரும். திறக்காவிட்டால் வந்த காற்று வெளியேற வழியில்லை. தாழ்வாரத்தை நீட்டினால் நிழல் கூடும். புயலுக்கு அதுவே பிடியாகும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடுகிறது. இதனைக் குருட்டுமதிப்பாக முடிவு செய்வது முறையா?

முறையன்று, அதற்கு அவசியமும் இல்லை. கட்டுமுன்னரே கணினியில் அவ்வீட்டைக் கட்டிப் பார்க்கும் கலை வளர்ந்திருக்கிறது. கட்டடச் சக்தி உருவகப்படுத்தல் என்பர் அறிஞர். சுவரின் தடிப்பு, யன்னலின் அளவு, கூரையின் சரிவு, நிறம் ஆகியவற்றையும் ஊரின் வானிலையையும் கொடுத்தால், ஆண்டின் 8,760 மணித்தியாலங்களுக்கும் அறையின் வெப்பத்தை அது கணித்துத் தரும். யன்னலைப் பெருப்பித்தும் சிறுப்பித்தும், கூரையை மாற்றியும், நூற்றுக்கணக்கான வகைகளை ஒப்பிட்டு நல்லதைத் தேரலாம். அமெரிக்கச் சக்தித் திணைக்களத்தின் ஆதரவில் உருவான எனர்ஜிபிளஸ் என்னும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. வரைபடத்தில் ஒரு கோட்டை அழிப்பதற்குச் செலவில்லை. கட்டிய கூரையைப் பிரிப்பதற்கு ஓர் ஏழை எங்கே போவான்?

ஆயினும் கணினி தெய்வமன்று. கொழும்பின் வானிலையைக் கொடுத்தால் கொழும்புக்குரிய வீட்டையே அது தரும். மே மாதத்தில் அங்கே தென்மேற்கு மழை. இங்கே வறண்ட கச்சான். இரவெல்லாம் யன்னல் திறந்திருக்கும் என்று கணக்கிட்டால் கணினி அதனையும் நம்பும். நுளம்புக்கும் திருடருக்கும் அஞ்சி யன்னலைச் சாத்தும் தாய்க்கே உண்மை தெரியும். அவளைக் கேளாமற் செய்யும் கணக்கு அரைக்கணக்கு.

இது சொகுசு பற்றிய பேச்சன்று. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏற்றப்பட்டதை நாடு மறக்கவில்லை. பின்னர் குறைப்புகள் வந்தன. நாளை மீண்டும் ஏறாதென்று யார் உறுதி கூறுவார்? கூரை செய்த பிழைக்கு மின்விசிறி வழியாக மாதந்தோறும் தண்டம் இறுப்பவன் மீனவனும் கூலித் தொழிலாளியுமே.

ஆதலின் நாம் கோருவன மூன்று. இவ்வாவிக் கரைகளில் அரசாங்கமோ உதவி நிறுவனமோ எழுப்பும் எந்த வீட்டுத்திட்டமும், மட்டக்களப்பு வானிலையைக் கொண்டு பரிசோதிக்கப்பட்ட பின்னரே அங்கீகரிக்கப்படல் வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும் இருக்க, அப்பணியை அவற்றிடம் ஒப்படைப்பதில் தடையென்ன? முடிவுகள் எளிய தமிழில் பயனாளிகள் முன் வைக்கப்பட்டு, அவர்தம் சொல்லும் கேட்கப்படல் வேண்டும். ஏற்கெனவே கட்டிய வீடுகளுக்கு வெண்பூச்சுக்கும் உட்கூரைக்கும் உதவி வேண்டும். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாதென்ற எச்சரிக்கையும் அதனுடன் வேண்டும், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சாதலின்.

வீடு வழங்கினோம் என்று எண்ணிக்கை காட்டுவது எளிது. வழங்கிய வீட்டில் நண்பகலில் ஆள் இருக்கின்றாரா, மரநிழலைத் தேடி வெளியே போய்விட்டாரா என்று அதிகாரிகள் ஒருமுறை வந்து பார்க்கட்டும். அதுவே சரியான கணக்கெடுப்பு.