ஓர் இரவுக்கு மட்டும் விருந்தாளி

திரைப்படம் என்றதும் முகஞ்சுளிக்கும் பெற்றோர் நம் பங்குகளில் இன்றும் உளர். அதில் தீயன பல உண்டென்பது மெய்யே. ஆயினும் மறையுரையில் நாம் சொல்லத் தயங்குவதைச் சில கலைஞர் சிரிக்க வைத்தே சொல்லிவிடுகின்றனர். அத்தகையோருள் ஒருவர் ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் கார்ஸியா பெர்லாங்கா. அவரை இம்மாதம் நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம்.

பெர்லாங்கா 1921ஆம் ஆண்டு வலென்சியா நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் குடியரசு அணியின் நாடாளுமன்ற உறுப்பினர். 1939இல் உள்நாட்டுப் போர் முடிந்து தளபதி பிராங்கோ ஆட்சியைக் கைப்பற்றியபின் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இருபது வயது மகன் 1941இல், ரஷ்யப் போர்முனைக்கு ஸ்பெயின் அனுப்பிய 'நீலப் படை'யில் சேர்ந்தார். தந்தையின் உயிரைக் காக்க அது உதவும் என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம். தண்டனை பின்னர் குறைக்கப்பட்டது; தந்தையோ பல்லாண்டுகள் சிறையிலேயே கழித்தார். மரண தண்டனை என்பது பெர்லாங்காவுக்கு ஏட்டில் படித்த செய்தியன்று. அவர் வீட்டு வாசல்வரை வந்துபோன ஒன்று.

1947இல் மாட்ரிட்டில் தொடங்கப்பெற்ற திரைப்படக் கல்விக்கூடத்தில் அவர் சேர்ந்து பயின்றார். 1953இல் வெளிவந்த 'வருக, திரு. மார்ஷல்' அவர் பெயரை உலகறியச் செய்தது. அமெரிக்க உதவி வரப்போகிறதென்று நம்பி ஒரு சிற்றூர் தன்னை அலங்கரித்துக்கொண்டு காத்திருக்கிறது. அமெரிக்கரின் வாகனங்களோ நில்லாமல் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்துபோகின்றன. செலவான பணத்தை ஊரார் தம் உடைமைகளைக் கொடுத்து ஈடுகட்டுகின்றனர். கான் திரைப்பட விழாவில் இப்படம் பரிசு பெற்றது.

ஆனால் நம் வாசகர்கள் சிந்திக்க வேண்டியது 1961இல் அவர் எடுத்த 'பிளாஸிதோ' என்ற படத்தையே. ரஃபாயேல் அஸ்கோனா என்ற எழுத்தாளரும் அதன் திரைக்கதையில் பங்குகொண்டார். முதலில் எண்ணிய தலைப்பு, 'உம் பந்தியில் ஓர் ஏழையை அமர்த்தும்' என்ற பொருள்படுவது. தணிக்கையாளர் அதை அனுமதிக்கவில்லை.

கதை கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தின நாளில் நடக்கிறது. அன்றிரவு செல்வர் ஒவ்வொருவரும் ஓர் ஏழையைத் தம் வீட்டு விருந்துக்கு அழைக்கவேண்டும் என்று ஊர்ப் பெரியோர் ஏற்பாடு செய்கின்றனர். ஊர்வலம் உண்டு, ஏலம் உண்டு, வானொலி உண்டு. சமையற்கலன் விற்கும் நிறுவனத்தின் விளம்பரமும் உண்டு. அந்த ஊர்வலத்துக்கு வாடகைக்கு அமர்த்தப்பட்டவன் பிளாஸிதோ. அவனுடைய மூன்று சக்கர மோட்டார் வண்டியின்மேல் பெரிய விண்மீன் ஒன்றைக் கட்டிவிட்டிருக்கின்றனர். அவன் மனைவி பொதுக் கழிப்பிடத்தைக் காப்பவள். குடும்பமே பகலில் அங்குதான் கிடக்கிறது. வண்டிக்கான முதல் தவணை அன்றே கட்டவேண்டும். தவறினால் வண்டி போய்விடும். அவனுக்கு வேண்டியது இந்த ஒன்றே. விழா நடத்துவோர் ஒவ்வொருவரிடமும் அவன் முறையிடுகிறான். எல்லோரும் ஏழைகளுக்காகவே ஓடிக்கொண்டிருப்பதால், எதிரே நிற்கும் ஏழையின் சொல்லைக் கேட்க எவருக்கும் நேரமில்லை!

இன்னொரு வீட்டில் விருந்துக்கு வந்த முதியவர் நோய் முற்றிச் சாகக் கிடக்கிறார். அவர் ஒரு பெண்ணோடு மணமின்றி வாழ்ந்தவர் என்று தெரிந்ததும் வீட்டார் பதறுகின்றனர். அவசர அவசரமாகத் திருமணம் நடக்கிறது. அதில் அந்த முதியவரின் ஆன்மாவைப் பற்றிய கவலை சிறிது. தம் வீட்டின் பெயரைப் பற்றிய கவலையோ பெரிது. திருவருட்சாதனமும் ஊர் வாய்க்கு அஞ்சிச் செய்யும் சடங்காகிவிடுவதைக் காணும்போது நாம் சிரிக்கிறோம். உடனே நெஞ்சு சுடுகிறது.

இது சமயத்தைப் பழிப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது என்பதே நம் கருத்து. விருந்தளிக்கும்போது கைம்மாறு செய்ய இயலாதவரை அழைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். ஏழை திருப்பித் தருவதற்கு ஒன்றுமில்லாதவன். ஆனால் அவனிடமிருந்து புகழையும் நிழற்படத்தையும் நாம் பெற்றுக்கொண்டோமானால், கைம்மாறு வாங்கியவர்களே ஆகிறோம். படம் பழிப்பது பிறரன்பை அன்று. பிறரன்பின் உடையணிந்து வரும் தற்பெருமையையே.

1963இல் பெர்லாங்கா எடுத்த படம் 'கொலைத்தண்டனை நிறைவேற்றுநர்'. அரசு தரும் ஒரு வீட்டை இழக்காதிருக்கும் பொருட்டு, இளைஞன் ஒருவன் தன் மாமனாரின் கொலைத்தொழிலை ஏற்கிறான். வேலை ஒருநாளும் வாராது என்றே நம்புகிறான். வந்துவிடுகிறது. சாகவேண்டியவன் முன்னே நடந்துபோக, கொல்ல வேண்டியவனைக் காவலர் இழுத்துச் செல்கின்றனர். வெனிஸ் விழாவில் இப்படம் திறனாய்வாளர் பரிசு பெற்றது. இத்தாலியிலிருந்த ஸ்பானியத் தூதரோ கண்டித்தார். அவ்வாண்டில்தான் பிராங்கோ அரசு அரசியல் எதிரிகள் சிலருக்கு மரண தண்டனை நிறைவேற்றியிருந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, போர்க்கால இராணுவச் சட்டம் நீங்கலாக, அத்தண்டனையை ஒழித்தது. எஞ்சியதும் 1995இல் நீங்கிற்று. மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று நம் மறைக்கல்வி நூலைத் திருத்தந்தை பிரான்சிஸ் திருத்தியமைத்தது 2018இல். ஒரு நகைச்சுவைப் படம் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அப்பக்கம் கைகாட்டி நின்றது!

பெர்லாங்கா பக்திப் படம் எடுத்தவரல்லர். 2010 நவம்பரில் மறையும்வரை எவரையும் கேலி செய்யத் தயங்காதவர். ஆயினும் அவர் படங்களில் முழுக் கொடியவன் என்று எவருமில்லை. எல்லோரும் நம்மைப்போல் ஓரளவு நல்லவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள். அதனாலேயே அவர் சிரிப்பு நம்மை விடாது பிடிக்கிறது.

விழாக்காலத்தில் அரிசியும் ஆடையும் வழங்குவது நன்று. அதை நிறுத்தவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பொட்டலத்தைக் கையில் வைக்குமுன், "உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று கேட்டுவிட்டுச் சற்று நின்று பதிலைக் கேட்போம். அரிசி வேண்டாம், நாளைக்குள் கட்டவேண்டிய ஒரு தவணைதான் நெருக்குகிறது என்று அவர் சொல்லக்கூடும். அது நம் பட்டியலில் இராது, நிழற்படத்திலும் விழாது. அதைச் செய்வோமாயின், அந்த வீட்டில் அன்றிரவு குழந்தை இயேசு பிறப்பார்.