கழுநீர்ப் பானை

என் பிள்ளைப் பிராயத்தில், விருதுநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் அதில் சேரும். மாலையில், பசு வளர்க்கும் அடுத்த வீட்டுப் பாட்டி வந்து எடுத்துப் போவாள்; பதிலுக்கு வறட்டி வரும். ஒருநாள் நான் சோப்பு நீரை அதில் ஊற்றிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் பானை முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்தாள். அன்று பாட்டியின் பசுவுக்குக் கழுநீர் இல்லை; எங்களுக்கு வறட்டியும் இல்லை.

பெரிய ஆலைகளின் சமாசாரமும் இதுவேதான். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல், சிமெண்டு ஆலைக்கு மூலப்பொருள். பொசோலானா சிமெண்டில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை அதைச் சேர்க்கலாம் என்பது இந்தியத் தர விதி. தூத்துக்குடியில் எரியும் நிலக்கரிக்கும் நாம் கட்டும் வீட்டுக்கும் இவ்வாறு உறவு ஏற்படுகிறது. ஆனால் சாம்பலை உலர்ந்தபடியே பிடித்து வைக்கவேண்டும். கடல் நீர் கலந்து குட்டையில் விட்டால், உப்பேறிய அந்தச் சாம்பலைச் சிமெண்டுக்காரர் ஏறெடுத்தும் பாரார். உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரித்துவிடுமல்லவா?

டென்மார்க்கிலுள்ள காலுண்ட்போர்க் என்னும் சிறு துறைமுகப் பட்டணத்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வீணே எரித்துவந்த வாயுவை 1972-ல் பக்கத்து ஜிப்சம் பலகை ஆலை குழாய் வழியே வாங்கத் தொடங்கியது. பின்னர் மின் நிலையத்தின் நீராவியும் சாம்பலும் கைமாறின. யாரும் உத்தரவிட்டு நடந்ததன்று. அண்டை வீட்டார் பேசிக்கொண்டதில் விளைந்தது.

நம் சிவகாசிக்கு இந்தச் சாமர்த்தியம் புதிதன்று. பழைய காகிதம் பட்டாசுக் குழாயாகச் சுருளுகிற ஊரல்லவா அது! காகிதத்தில் கெட்டிக்காரர்களான நாம் மருந்தில்தான் கோட்டை விடுகிறோம். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை தனித்தனியே இருக்கும்வரை சரக்கு. கலந்து, கூட்டித் தள்ளிய பிறகு அதை வாங்குவார் யார்? எரிப்பதற்குத்தான் ஆள் தேட வேண்டும். கழிவை எரிக்கப் போய்த் திரும்பாத தொழிலாளர் நம் ஜில்லாவில் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் பள்ளிகளில் படிக்கிறார்கள்.

அன்றன்றைக்கு வேண்டிய அளவே கலப்பதும், மிச்சத்தைக் கலவாமல் வைப்பதும் பெரிய வித்தையன்று. ஒவ்வொரு தொழிற்சாலையும், தன்னிடம் மிஞ்சுவது என்ன, அதில் இருப்பது என்ன என்று ஒரு கணக்குப் புத்தகம் எழுதி, அண்டையாருக்குக் காட்டினால் போதும். எடுத்துக்கொள்ள யாராவது வருவார்கள். எவரும் வராத கழிவு எவ்வளவு என்பதாவது முதலாளிக்குத் தெரியவரும். அதை எரிக்கப் போகிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.