ஞானஸ்நான ஏட்டில் ஒரு பெயர்



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் தம் மகளுடன் வந்து, அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டார். இலங்கைப் போருக்குத் தப்பி வந்து முகாமில் வாழும் குடும்பம் அது. எழுதிக் கொடுத்தேன். "சுவாமி, இதைக் காட்டினால் பிள்ளையை இந்த நாட்டுப் பிள்ளையாக ஏற்பார்களோ?" என்றார். இல்லை என்று சொல்ல நா எழவில்லை. ஆயினும் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்பெண் தமிழ்நாட்டில் பிறந்தவள். நம் பீடத்தில் புதுநன்மை வாங்கியவள். ஆனால் 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாய் இருந்தாலன்றிப் பிறப்பினால் குடியுரிமை இல்லை. 2019-ல் திருத்திய சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து வந்த சில சமயத்தாருக்கு வழி திறந்தது. இலங்கை அதில் சேரவில்லை.

முகாம்களில் மலையகத் தமிழரும் உளர். அவர்தம் முன்னோர் பலர் ஆங்கிலேயர் காலத்தில் மண்டபம் வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள். 1948-ல் இலங்கைச் சட்டம் மலையகத் தமிழருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-ல் இரு அரசுகளும் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என விட்டனர். 1983 கலவரத்துக்குப் பின் ஓடி வந்தோர் பலருக்கு முதல் புகலிடமானதும் அதே மண்டபமே.

திருச்சபையின் போதனை யாது? 1952-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர், எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தையே அகதிக் குடும்பங்கள் அனைத்துக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். 1963-ல் 23-ம் அருளப்பர், உலக சமாதானம் பற்றிய தம் சுற்றுமடலில், நாட்டை இழந்தவன் மனித உரிமைகளை இழப்பதில்லை என்று கற்பித்தார். 1992-ம் ஆண்டின் மறைக்கல்வி நூல், பொதுநன்மையை முன்னிட்டு அரசு நிபந்தனைகள் விதிக்கலாம் என்றும், வந்தோர் அந்நாட்டுச் சட்டத்துக்குப் பணிய வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே எல்லையைக் காக்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆனால் சட்டத்துக்குப் பணிந்து தலைமுறையாக நம்மிடையே வாழ்வோரை என்றென்றும் அந்நியராகவே வைத்திருப்பதில் எந்தப் பொதுநன்மையும் இல்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முகாமில் அரிசியும் புத்தாடையும் கொடுக்கிறோம், நல்லதே. ஆயினும் நீதியின்படி செலுத்த வேண்டிய கடனைத் தருமமாகக் கொடுத்துத் தீர்க்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கற்பித்ததை மறவாதிருப்போம்.

நாம் செய்யத்தக்கவை உண்டு. சட்டம் படித்தோர் முகாம் மக்களின் தாள்களை ஆராய்ந்து உதவுங்கள். மலையக வம்சத்தாருள் சிலர் பாட்டனாரின் பழைய ஆவணங்களைக் கொண்டே உரிமை கோர இயலும். வாக்குக் கேட்டு வருவோரிடம், இம்மக்களின் குடியுரிமைக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். தாயகம் திரும்ப விரும்புவோர் மாண்போடு திரும்பவும் வழி கேளுங்கள்.

அந்தத் தாய் சான்றிதழை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிப் போனார். அவருடைய மகளின் பெயர் நம் பங்கின் ஏட்டில் இருக்கிறது. நாட்டின் ஏட்டிலும் அது ஏறும்வரை நம் செபமும் முயற்சியும் ஓயாதிருப்பதாக.